பேரியம் குடிச்சிட்டு நாள் முழுக்க காத்துக் கெடக்காம இருக்க

சிறுகுடல் எக்ஸ்ரே, அதான் பேரியம் மீல் ஃபாலோ த்ரூ எழுதிக் குடுத்திருந்தா அன்னைக்கு வேற சோலி வச்சுக்காதீங்க. சுண்ணாம்பு கரைச்ச மாதிரி ஒரு கலக்கு குடிக்கத் தருவாங்க, அது பெருங்குடல் தொடங்குற எடத்துக்குப் போற வரைக்கும் விட்டு விட்டு படம் எடுப்பாங்க, சிலருக்கு ஒரு மணி நேரம், சிலருக்கு நாலஞ்சு மணி நேரம்.

எங்க மாமா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவரு, ஒருநாள் வெட்ட விட்டுட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுனாரு, மத்தியானம் ஆகியும் கலக்கு இரைப்பையிலயே கெடக்கு. தோண்டிக் கேட்டா, காலைல வயித்துவலிக்கு ஒரு பஸ்கோபான் போட்டுட்டுதான் வந்திருக்காரு! குடலை அடக்கி வைக்கிற மருந்து அது. முந்தின நாளே என்னென்ன மாத்திரை போடுறீங்கன்னு டாக்டர்ட்ட சொல்லிருங்க, யாரும் கேக்கலன்னாலும்.

வேகப்படுத்த குடுக்கறது மெட்டோகுளோப்ரமைடு. பெரிநார்ம்னா மெடிக்கல்ல தெரியும், வாந்திக்குத் தர்ற அதே மருந்துதான். இரைப்பைய நல்லா சுருங்க வச்சு, கீழ்வாசல தளத்தி, சிறுகுடலையும் தள்ளி விடும். ஊசின்னா பெரியவங்களுக்கு வழக்கமா 10 மில்லிகிராம், நரம்புல 1-2 நிமிஷம் எடுத்து பைய போடணும், சட்டுனு ஏத்துனா உள்ளுக்குள்ள ஒரே பரபரப்பா இருக்கும். ஊசி சில நிமிஷத்துல வேலை செய்யும், மாத்திரைக்கு அரைமணிக்கு மேல ஆவும், அதனால நேரம் பாத்துதான் குடுப்பாங்க. நீங்களா வாங்கிப் போட்டுட்டுப் போவாதீங்க.

ஏன்னா வலிப்பு, பார்க்கின்சன்ங்கற நடுக்க நோய், சிறுநீரகத்துக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பில கட்டி இருக்கறவங்களுக்கு இது ஆவாது. வயிறு வீங்கி, காத்தும் மலமும் போவாம வாந்தி எடுத்தா குடல் அடைப்பா இருக்கலாம், அப்பவும் கூடாது. கொமருப் பிள்ளையளுக்கு சிலநேரம் கழுத்து ஒரு பக்கமா இழுத்து கண்ணு மேல செருகும், பாத்தா பயமா இருக்கும், உடனே சொன்னா மாத்து ஊசி இருக்கு.

மருந்தில்லாம ஒரு வழியும் உண்டு, வலது பக்கமா சரிஞ்சு படுங்க. கலக்கு இரைப்பை வாசல் பக்கமா எறங்கும். மாமாவ மொதல்ல அப்படிதான் படுக்க வச்சாங்க, பொறவுதான் ஊசி.

முடிஞ்சதும் தண்ணி நெறைய குடிங்க, இல்லன்னா பேரியம் உள்ள இறுகி மலம் கட்டும். ஊசி போட்டா தூக்கம் வரும், பைக் ஓட்டாதீங்க. மாமா ரெண்டு நாளு கழிச்சு போன் போட்டு, "மக்கா, வெள்ளையால்லா போவுது"ன்னு பதறுனாரு. அது பேரியம்தான், ரெண்டு மூணு நாள் அப்படித்தான் போவும்.