கத்திரி வெயிலில் ஒரு மாம்பழக் கலெத்

வட்டமாகத் தேய்த்த மாவின் நடுவே பழத்துண்டுகளைப் பரப்பி, ஓரத்தை அங்கங்கே கொசுவி மடித்துப் பழத்தின் மேல் சாய்த்து, அச்சு எதுவும் இல்லாமல் வெறும் தட்டின் மீதே சுட்டெடுக்கும் பிரெஞ்சுக் கிராமத்துப் பண்டம் கலெத். பழக் கலெத்துக்குத் தனிப் பாத்திரமோ தேர்ந்த கைப்பழக்கமோ வேண்டியதில்லை. ஓரம் கோணலாக இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை, அது வீட்டில் செய்தது என்பதற்கு அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. பிரெஞ்சு வீடுகளில் ஆப்பிள், பிளம்ஸ், ஆப்ரிகாட் என்று பருவத்துக்குக் கிடைக்கும் பழத்தை வைத்து இதைச் செய்கிறார்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் அந்த இடத்தில் மாம்பழத்தை வைப்பதில் தவறொன்றும் இல்லை.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. நல்ல மாம்பழம் கடைத்தெருவுக்கு வரும் மே மாதம்தான் கத்திரி வெயில் காலமும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். நம் சமையலறைகளோ அந்த மாதத்தில் பிற்பகலில் அதற்கு மேலும் சூடாக இருக்கின்றன. கலெத் மாவு மொரமொரப்பாக, ஏடு ஏடாக வருவதற்குக் காரணம், மாவுக்குள் உருகாமல் தனித்தனியாக நிற்கும் வெண்ணெய்த் துணுக்குகளே. வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. அடுப்பின் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவை மேலே தூக்க, கொழுப்பு உருகி வெளியேறிய இடம் இடைவெளியாக நிற்கிறது. பிசையும்போதே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் தூக்குவதற்கு எதுவும் மிஞ்சாது. கிடைப்பது கெட்டியான ஒரு பிஸ்கட்டாகத்தான் இருக்கும். ஆகவே பிரெஞ்சுக் குறிப்புகளைக் கவலையின்றிப் பின்பற்ற இயலாத நம் ஊரில், வேலையின் ஒவ்வொரு படியிலும் வெண்ணெயைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதையே முதல் கடமையாகக் கொள்ள வேண்டும். நெய்யைக் கொண்டு செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். நெய்யில் தண்ணீர் இல்லை, ஆதலால் ஏடுகள் வராது. சுவை நன்றாக இருந்தாலும் அது வேறு பண்டமாகிவிடும்.

ஐந்து அல்லது ஆறு பேருக்குப் போதுமான ஒரு கலெத்துக்கு 150 கிராம் மைதா, 25 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 40 முதல் 50 மில்லி லிட்டர் ஐஸ் தண்ணீர் ஆகியவை மாவுக்குத் தேவை. கோதுமை மாவு கட்டாயமில்லை, ஆனால் மைதாவின் வெறுமையைப் போக்கி ஒரு வறுத்த மணத்தைத் தருவதால் அதை விடாதிருப்பது நல்லது. மளிகைக் கடையில் கிடைக்கும் 100 கிராம் வெண்ணெய்ப் பொட்டலம் பெரும்பாலும் உப்பிட்டதாகவே இருக்கும். அதைப் பயன்படுத்தினால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம், உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் தேக்கரண்டி உப்பைச் சேர்க்கவும். தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயில் மோரும் தண்ணீரும் மிகுதியாகத் தங்கியிருக்கும் என்பதால், அதைக் குளிர்ந்த நீரில் அலசி, நன்றாகப் பிழிந்து, உறையவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

வேலையை விடியற்காலையில் தொடங்குவது உத்தமம். கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருவதற்கு முன்பாகவே மாவு ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். முந்தைய இரவே வெண்ணெயை ஃப்ரீசரிலும், மாவைக் கலக்கும் எவர்சில்வர் பாத்திரத்தையும் அளந்த மாவையும் ஃப்ரிட்ஜிலும் வைத்துவிடுங்கள். காலையில் மாவையும் சர்க்கரையையும் பாத்திரத்தில் கலந்துகொண்டு, கல்லாக உறைந்திருக்கும் வெண்ணெயை, கேரட் துருவும் துருவியின் பெரிய துளைகள் உள்ள பக்கத்தில் நேரடியாக மாவின் மேலேயே துருவ வேண்டும். வெண்ணெயைத் துண்டு போட்டு விரல்நுனியால் மாவில் தேய்ப்பதே பிரெஞ்சு வழக்கம், குளிர்ந்த நாட்டில் அது சரியாகவும் இருக்கும். இங்கே விரலின் சூடே வெண்ணெயை உருக்கிவிடும் என்பதால் துருவுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். இரண்டு மூன்று முறை துருவியதும் ஒரு முள்கரண்டியால் கிளறிவிட்டால், துருவல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மாவு பூசிக்கொண்டு தனித்தனியாக நிற்கும். வீட்டில் குளிர்சாதன வசதி உள்ள அறை ஒன்று இருக்குமானால், அது படுக்கையறையாகவே இருந்தாலும், ஒரு சிறிய மேசையை அங்கே கொண்டுபோய் இந்த வேலையைச் செய்வதற்குத் தயங்க வேண்டாம்.

அடுத்து ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகத் தெளித்து, முள்கரண்டியாலேயே கிளறிக்கொண்டு வாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மாவே ஓரளவு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால் குறிப்பில் உள்ள தண்ணீர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றக்கூடாது. 40 மில்லியிலேயே நின்று பார்க்க வேண்டும். புட்டுக்குப் பிசிறிய மாவைப் போல, பிடித்தால் கொழுக்கட்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுவே பதம். சப்பாத்திக்குப் பிசையும் பழக்கத்தில் கை தானாக அழுத்திப் பிசையத் தொடங்கிவிடும், அதை அடக்கியே ஆக வேண்டும். பிசையப் பிசைய மைதாவில் உள்ள குளூட்டன் என்ற பசைத்தன்மையுள்ள புரதம் இழுபடுவதால், மாவு ரப்பராக இழுத்துக்கொண்டு, தேய்க்கும்போது சுருங்கும், வெந்தபின் கடிக்கக் கடினமாகவும் இருக்கும். உதிரியாக இருக்கும் மாவை ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் கொட்டி, தாளோடு சேர்த்து அழுத்தி, இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள வட்டமாகத் தட்டி, மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் மாவு முழுவதும் பரவும், குளூட்டன் தளரும், வெண்ணெய் மீண்டும் இறுகும். இரண்டு நாள் வரை இப்படியே வைத்திருக்கவும் முடியும்.

மாம்பழத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கனிந்து குழைந்த பழம் சாப்பிடத்தான் ஏற்றது. சூட்டில் அது கூழாகிவிடும். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டிலோ திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவிலோ, அழுத்தினால் சற்றே விட்டுக்கொடுக்கும் பங்கனப்பள்ளி இரண்டையும், அரைப்பழுப்பில் புளிப்பு மிச்சமிருக்கும் கிளிமூக்கு ஒன்றையும் வாங்குங்கள். வெறும் இனிப்புப் பழத்தால் செய்தால் கலெத் திகட்டும். ஆப்ரிகாட்டில் இயல்பாகவே உள்ள புளிப்பை நம் பழத்துக்குக் கிளிமூக்குதான் கொடுக்க வேண்டும். தோல் சீவி, அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கினால் ஏறத்தாழ 400 கிராம் துண்டுகள் வேண்டும். அவற்றில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையையும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றையும் கலந்து, வடிகட்டியில் 20 நிமிடம் வைத்தால் சாறு கீழே இறங்கும். அந்தச் சாற்றைக் கொட்டிவிடாமல், சிறு வாணலியில் தேன் பதத்துக்குச் சுண்டக் காய்ச்சி எடுத்துவைத்தால், கலெத் வெந்ததும் மேலே பூசுவதற்கு உதவும். வடிந்த துண்டுகளில் இரண்டு தேக்கரண்டி சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) புரட்டிக்கொள்ளுங்கள்.

எஞ்சிய சாறு அடிமாவை நனைத்துவிடாமல் காப்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் பாதாம் பொடியைப் பரப்புவார்கள். பண்ருட்டி இவ்வளவு அருகில் இருக்கும்போது பாதாமுக்கு அலைய வேண்டியதில்லை. 40 கிராம் உடைத்த முந்திரி போதும். முழு முந்திரிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். முந்திரியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையோடு மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றவும். தொடர்ந்து ஓடவிட்டால் மிக்ஸியின் சூட்டில் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும்; ரவை பதத்தில் நிறுத்திவிட வேண்டும்.

மாவைத் தேய்ப்பதற்கு முன்பு, சமையல் மேடையின் கிரானைட் கல்லின் மேல் ஐஸ் கட்டிகள் நிறைந்த அகலமான தட்டு ஒன்றை ஐந்து நிமிடம் வைத்து, பிறகு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். அடுப்புத் தாள் (பேக்கிங் பேப்பர்) ஒன்றை விரித்து, அதன் மேல் மாவை வைத்து, இன்னொரு தாளால் மூடி, சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்க்க வேண்டும். மெழுகு பூசிய தாளை அடுப்பில் வைக்கக் கூடாது; 220 டிகிரி வரை தாங்கும் என்று குறிக்கப்பட்ட தாளையே வாங்கவும். 30 சென்டிமீட்டர் விட்டமும், மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் கனமும் உள்ள வட்டம் வந்தால் சரி. மாவுக்குள் வெண்ணெய்த் துணுக்குகள் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிவது நல்ல அறிகுறி. எண்ணெய்ப் பளபளப்புத் தெரிந்தாலோ, தாளில் ஒட்டினாலோ, வீம்பாகத் தொடராமல் தாளோடு தூக்கி ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு தொடருங்கள்.

நான்கு சென்டிமீட்டர் ஓரம் விட்டு முந்திரிப் பொடியைப் பரப்பி, அதன் மேல் மாம்பழத் துண்டுகளை அடுக்கி, ஓரத்தைப் புடவைக் கொசுவம்போல மடித்து மேலே சாய்க்கவும். மடிப்புகளுக்கு இடையே விரிசல் இருந்தால் சாறு அந்த வழியாக வழிந்து தட்டில் கருகும். ஆகவே விரிசலை விரலால் அழுத்தி மூடிவிடுங்கள். ஓரத்தில் பாலையோ அடித்த முட்டையையோ பூசி, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையைத் தூவி, அப்படியே ஃப்ரீசரில் 15 நிமிடம் வையுங்கள். இதைத் தவிர்த்தவர்களின் கலெத்துதான் அடுப்பில் பரந்து தட்டையாகிவிடுகிறது.

அந்த நேரத்துக்குள் ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின்னடுப்பு 210 டிகிரிக்குச் சூடாகியிருக்க வேண்டும். சூடேறிவிட்டதைக் காட்டி விளக்கு அணைந்த உடனே கலெத்தை உள்ளே வைத்துவிடாமல், அதன் பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுவது நல்லது. வீட்டு ஓ.டி.ஜி.க்களில் திருகியில் போட்டிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அரிது என்பதால், அடுப்புக்குள் வைக்கும் சிறு வெப்பமானி வாங்கும் செலவு வீண்போகாது. தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, மேலும் கீழும் உள்ள இரண்டு கம்பிகளும் எரிய 15 நிமிடமும், பிறகு 190 டிகிரிக்குக் குறைத்து 25 முதல் 30 நிமிடமும் சுட வேண்டும். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடும் அவசரம் பலருக்கும் உண்டு, அப்போது அடி இன்னும் வெளுத்து ஈரமாகவே இருக்கும். ஒரு தோசைத் திருப்பியால் மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அது நன்கு சிவந்திருக்க வேண்டும், பழத்தின் நடுவில் சாறு கெட்டியாகிக் கொப்புளித்திருக்க வேண்டும். மேலே சிவந்து அடி வெளுத்திருந்தால், கீழ்க் கம்பியை மட்டும் எரியவிட்டு மேலும் ஐந்து நிமிடம் வைக்கலாம். மைக்ரோவேவில் செய்பவர்கள் சூடான காற்றால் சுடும் கன்வெக்ஷன் முறையை மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதிலும் உலோகத் தட்டைக் காலியாக உள்ளே வைத்தே சூடாக்கி, அந்தச் சூடான தட்டின் மேல் தாளோடு கலெத்தை நழுவவிட்டால் அடி ஓரளவு சிவக்கும். மைக்ரோவேவும் கன்வெக்ஷனும் கலந்த முறையில் உலோகத் தட்டை வைக்கக் கூடாது.

வெளியே எடுத்ததும், சுண்டவைத்த சாற்றைப் பழத்தின் மேல் மட்டும் பூசி, கம்பி வலையின் மேல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தட்டிலேயே விட்டால் அடியில் ஆவி தங்கி மொரமொரப்புப் போய்விடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பரிமாறுவது சிறப்பு. பக்கத்தில் வெனிலா ஐஸ்கிரீம் வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது மாம்பழத்தின் புளிப்பை மறைப்பதாகத் தோன்றுவதால், இனிப்புச் சேர்க்காத குளிர்ந்த க்ரீம் ஒரு கரண்டி போதும் என்பேன். மாலைக்குள் கடற்காற்றின் ஈரத்தில் ஓரம் தளர்ந்துவிடும். அப்போது 160 டிகிரியில் எட்டு நிமிடம் மீண்டும் சூடாக்கினால் மொரமொரப்புப் பெரும்பாலும் திரும்பிவிடும். மைக்ரோவேவில் சூடாக்கினால் தோல்போல இழுபடும்.

மாம்பழப் பருவம் முடிந்த பிறகும் இதே மாவு கைகொடுக்கும். பண்ருட்டிப் பலாச்சுளையை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாற்றை இரட்டிப்பாக்கிச் செய்யலாம், ஆனால் அதன் மணம் எல்லாவற்றையும் அடக்கிவிடும் என்பதால் பாதிக்குப் பாதி அன்னாசியைக் கலப்பது நல்லது. அன்னாசி மிகுதியாகத் தண்ணீர் விடும். அதை மட்டும் வாணலியில் சர்க்கரையோடு வதக்கி ஆறவைத்துச் சேர்க்கவும். நேந்திரம் பழத்துக்குச் சோளமாவு வேண்டாம். ஆப்பிள் சாறு குறைவாகவே விடும் என்பதால் முந்திரிப் பொடியைப் பாதியாக்கி, துண்டுகளை இன்னும் மெல்லியதாக நறுக்கி, 190 டிகிரியில் சுடும் நேரத்தை மட்டும் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும்.