பீடி உண்டா என்று எல்லாரிடமும் கேட்பது எப்படி?

தென்காசிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். மாதாமாதம் மாத்திரைக்கு வரும் லோடுமேன் அண்ணாச்சி ஒருவர், ஒருநாள் மூச்சு இரைக்க வந்து உட்கார்ந்தார். தினம் இரண்டு கட்டு பீடி என்பது அன்றுதான் தெரிந்தது. "ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கலையே சிஸ்டர்" என்றார். அதே வாரம் ஒரு வாத்தியாருக்கு, அதுவும் தினம் மூன்றே சிகரெட் பிடிப்பவருக்கு, நாற்காலி போட்டுப் பத்து நிமிடம் பேசியிருந்தேன்.

நான் மட்டுமில்லை. 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் மருத்துவரையோ நர்ஸையோ பார்த்த புகைப்பவர்களில் 48.8 சதவீதம் பேரிடம்தான் 'விட்டுவிடுங்கள்' என்று யாராவது சொல்லியிருக்கிறார்கள். புகையிலையை வாயில் அடக்குகிறவர்களில் 31.7 சதவீதம்தான்.

இப்போது நான் ஆளைப் பார்த்துக் கேட்பதில்லை. பிரஷர் பார்த்து முடித்துப் பட்டையைக் கழற்றும்போது எல்லாரிடமும் கேட்கிறேன். காற்று ஏறும்போது கேட்காதீர்கள், பேசினால் பிரஷர் கூடிக் காட்டும். பதிலைச் சீட்டின் ஓரத்தில் எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் மாத்திரை ஜன்னலில் இருப்பவர் திருப்பி அனுப்பட்டும்.

கேட்கும் வார்த்தையில் கவனம் வேண்டும். எங்கள் ஊரில் ஓர் ஆச்சியிடம் "பீடி உண்டா?" என்றேன். "தினம் ஐந்நூறு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் புரிந்தது, கூலிக்குப் பீடி சுற்றுகிற கணக்கைச் சொல்கிறாள். "பீடி, சிகரெட், வெத்தல போயில, பொடி, இதுல எது?" என்று கேளுங்கள். ஆச்சிகளிடம் மருமகள் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும்.

பத்து நிமிடம் எதற்கு, மூன்று நிமிடம் போதும். "எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" அரை மணிக்குள் என்றால் பழக்கம் ஆழமாக இறங்கியிருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்து, எப்போதெல்லாம் பிடிக்கிறார் என்று கேளுங்கள். அண்ணாச்சி சொன்னது இது: "சும்மா உக்காந்தா மேஸ்திரி ஏசுவாரு. பீடியோட உக்காந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு." பீடி அவருக்கு ஓய்வு நேரம். அதைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருந்தால் எப்படி? பீடிக்குப் பதில் டீ கிளாஸோடு உட்காரலாம் என்று பேசி வைத்தோம். படிக்காதவர்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று நாம் சொல்வதெல்லாம் சாக்கு.

பீடி ஏக்கத்தைத் தணிக்க மெல்லுகிற மருந்தான நிக்கோட்டின் கம் கொடுத்தால், மெல்லும் விதத்தைக் காட்டிக்கொடுங்கள். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படி. புகையிலை அடக்கிப் பழகியவர்களுக்கு இதை நான் சொல்லித்தரவே வேண்டாம்! ஆனால் மெல்வதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ கூடாது, குடித்தால் மருந்து சரியாக ஏறாது. டீயும் கம்மும் ஒரே நேரத்தில் இல்லை என்பதை அண்ணாச்சிக்கு இரண்டு தடவை சொன்னேன். இன்னொன்று, தினக்கூலிக்காரரிடம் "கடையில் வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்குமா என்று நீங்களே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

புகையிலையை விட உதவும் இலவச எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். தாளில் எழுதிக் கொடுத்தால் சட்டைப்பையோடு துவைந்துவிடும். அவர் போனை வாங்கி அங்கேயே பதிந்து கொடுங்கள்.

அடுத்த மாதம் மறுபடி பிடித்துக்கொண்டு வந்தாலும் ஏசாதீர்கள். ஏசினால் அதற்கடுத்த மாதம் மாத்திரைக்கே வர மாட்டார்.

அப்புறம், 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்ததிலிருந்து நடக்க முடியாதவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே போகிறது. நல்லதுதான். ஆனால் அவர்கள் என் மேஜைக்கு வருவதே இல்லை, கேள்வியும் விட்டுப்போகிறது. அதனால் மாத்திரை கொண்டுபோகும் அக்காவிடம், சீட்டு ஓரத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.