கருமணல் கடற்கரையில் மெட்டல் டிடெக்டரை அடக்குவது எப்படி?

கருமணல் கலந்த கடற்கரையில் டிடெக்டர் சும்மா சும்மா கத்தினால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மணலில் உள்ள மேக்னடைட் என்ற இரும்புத் தாது ஒருவித சிக்னல் தருகிறது, ஈர மணலில் உள்ள உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் வேறுவித சிக்னல் தருகிறது. ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் கருவியால் இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது கஷ்டம்.

முதலில் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது தரை தரும் சிக்னலைக் கருவி கண்டுகொள்ளாதபடி சரிசெய்வது. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை (கருவியின் அடியில் உள்ள தட்டு) தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, சத்தம் ஏறக்குறைய மாறாமல் வரும்வரை சரிசெய்யுங்கள். காய்ந்த மணலில் செய்தது ஈர மணலுக்கு உதவாது, அங்கே போனதும் மறுபடி செய்யத்தான் வேண்டும்.

அப்புறம் சென்சிடிவிட்டியை, அதாவது சின்ன சிக்னலையும் உணரும் அளவை, குறையுங்கள். ஆழம் போய்விடுமே என்று பலர் தயங்குவார்கள், ஆனால் ஓயாமல் கத்தும் கருவியில் ஆழத்தை வைத்து என்ன செய்வது? காயிலை ஒரே உயரத்தில், மெதுவாக வீசுங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் ஓடும் கருவி, இல்லையென்றால் விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன். பல்ஸ் கருமணலைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்வதில் மோசம், சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்ட வேண்டியதுதான்.

வேலை முடிந்ததும் காயிலை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.