தோவில் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு

பாரிசில் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் கடல் பார்க்க ஆசைப்பட்டால், நார்மண்டியில் இருக்கும் தோவிலுக்குத்தான் கூட்டிப்போவேன். "அது பெரிய பணக்காரங்க போற ஊராமே, நமக்கு அங்க என்னம்மா வேலை?" என்று சித்தி தயங்கினார். அந்தத் தயக்கமே வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு கிடையாது. கடற்கரைக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாக நடந்து வரலாம் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

முதல் வேலை, ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்ப்பது. இதைச் சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டேன். சென்னை, புதுச்சேரி கடல் போல இது ஒரே இடத்தில் நிற்காது. தண்ணீர் பல நூறு மீட்டர் பின்னால் போய்விடும்; அப்போது போய் இறங்கினால் எதிரே ஈர மணல்தான் விரிந்து கிடக்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்ற நேரம் நாளுக்கு நாள் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். அட்டவணையில் 20 முதல் 120 வரை ஒரு எண்ணும் போட்டிருக்கும். அது 90-ஐத் தாண்டினால் கடல் நிறையவே ஏறும், நிறையவே இறங்கும். குளிக்க வேண்டுமென்றால் ஏற்றத்தை ஒட்டிப் போங்கள். கிளிஞ்சல் பொறுக்கவும் குழந்தைகளை ஓடவிடவும் இறக்கம்தான் அருமை.

பாரிசின் சேன் லசார் நிலையத்திலிருந்து நேர் ரயில் இருக்கிறது, இரண்டு மணி நேரத்தை ஒட்டிய பயணம். பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் பக்கம் இருப்பவர்கள் மஜெந்தா நிலையத்தில் ஆர்.இ.ஆர். 'இ' என்ற புறநகர் ரயிலில் ஏறினால் ஒரே நிறுத்தத்தில் சேன் லசார். கோடை வார இறுதிகளில் ரயில் நிரம்பிவிடும், முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

இந்த ஊரை உருவாக்கியதிலேயே ரயிலுக்குப் பங்கு உண்டு. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு ஒரே தாய், வேறு தந்தை என்ற வகையில் சகோதரரான மோர்னி பிரபு சதுப்பு நிலத்தை ஊராக்க, 1863-இல் ரயில் வந்தது, மறுவருடமே குதிரைப் பந்தயத் திடலும் வந்தது. இன்றும் ஆகஸ்டில் பந்தயம், போலோ, குதிரைக்குட்டி ஏலம் என்று ஊர் நிரம்பி வழியும். செப்டம்பர் தொடக்கத்தில் 1975 முதல் அமெரிக்கத் திரைப்பட விழா நடக்கிறது. இந்த நாட்களில் தங்கும் செலவு எகிறிவிடும். என்னைக் கேட்டால், விழா முடிந்த பிறகு வரும் வார நாள்தான் நல்லது. ஆனால் குழந்தைகள் கடலில் இறங்குவதாக இருந்தால், காவலர்கள் இருக்கும் ஜூலை, ஆகஸ்டே சரி. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். உச்சக் கோடையிலும் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே துண்டும் மாற்றுடையும் கட்டாயம்.

கடற்கரையை ஒட்டி 1923-இல் போட்ட மரப்பலகை நடைபாதை இருக்கிறது, நீளம் 643 மீட்டர். அதன் ஓரத்து அறைகளின் தடுப்புகளில் விழாவுக்கு வந்த ஹாலிவுட் நடிகர்களின் பெயர்கள் எழுதியிருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கடலைவிட இந்தப் பெயர்களைத் தேடிப் படிப்பதில்தான் சந்தோஷம். மணலில் நிற்கும் வண்ணக் குடைகள் வாடகைக்கு. அது வேண்டாம் என்றால் சொந்த விரிப்பைப் போட்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

உடைக்காகப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். எவ்வளவு விலை உயர்ந்த கடையாக இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் முகம் பார்த்து "போன்ஜூர்" (வணக்கம்) சொல்லுங்கள். சேலை கட்டிய என் சித்தி அதைச் சொல்லிவிட்டு நுழைந்த கடையில், எதுவும் வாங்காமலேயே அவரை உட்காரவைத்துப் பேசினார்கள். சொல்லாமல் நுழைந்தால் அது மரியாதைக் குறைவு, அவர்களும் முகம் கொடுக்க மாட்டார்கள். காற்றைத் தடுக்கும் மேலங்கி மட்டும் எல்லா மாதமும் வேண்டும். 1870-இல் பக்கத்து ஊரான த்ரூவில் கடற்கரையில் பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த ஓவியம் ஒன்றில், காற்றில் பறந்து வந்து ஒட்டிய மணல் இன்னும் இருக்கிறது. அது லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு அந்த த்ரூவிலுக்கே போங்கள். நடுவில் தூக் ஆறு மட்டும்தான், பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஆற்றங்கரை மீன் சந்தையில் இறால், சிப்பி, நத்தை என்று கேட்டதைத் தட்டில் வைத்துத் தருவார்கள், அங்கேயே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். சைவக்காரர்கள் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது. சூதாட்ட விடுதிக்குள் பார்க்க ஆசையிருந்தால் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ வேண்டும், 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை.

கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கியதுமே பார்த்துக்கொள்ளுங்கள். மீன் சந்தையிலிருந்து நிலையத்துக்குப் பத்து நிமிட நடைதான், ஆனால் பெரியவர்கள் உடன் இருந்தால் அரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.