லேமினேட்டா, தேக்கா? ஒரு வாளித் தண்ணீர் சொல்லிவிடும்

தரைக்கு லேமினேட் போடலாமா, தேக்குப் பலகை போடலாமா என்று யோசிப்பவர்கள், முதலில் கடையில் ஒரு லேமினேட் சாம்பிள் துண்டு கேட்டு வாங்குங்கள். அறுத்த விளிம்பின் தடிமனை அளந்து, ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். இரண்டு நாள் நிழலில் காயவைத்து மறுபடி அளங்கள். டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி விளிம்பு உப்பி அப்படியே நின்றால், கீழக்கரை, மண்டபம், தொண்டி போலக் கடலை ஒட்டிய வீடுகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

லேமினேட்டின் நடுப்பகுதி மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது. மேலே தெரியும் மரவரி அச்சடித்த தாள்தான். அந்த நார் ஊறி விரிந்தால் பழைய தடிமனுக்குத் திரும்பாது, இழைக்கவும் முடியாது. தேக்கும் ஊறும், ஆனால் காய்ந்ததும் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். கீறல் விழுந்தாலும் இழைத்து பாலிஷ் போடலாம். மணல் விஷயத்தில் மட்டும் லேமினேட்தான் மேல். அதன் மேல்பூச்சில் அலுமினியம் ஆக்சைடு என்ற மிகக் கடினமான பொருள் இருப்பதால், காலோடு வரும் கடற்கரை மணல் தேக்கின் மேல் பூசிய வார்னிஷைக் கீறுவதுபோல் அதைச் சுலபமாகக் கீறாது.

தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறும் வீடுகளுக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே சிமெண்ட் தரையில் ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால், ஈரத்தைச் சரிசெய்யும்வரை இரண்டுமே வேண்டாம்.