குளியலறையைப் புதுப்பிக்கிறீர்களா? இவற்றைச் செய்துவிடாதீர்கள்

சிங்கப்பூரில் மலவாளி அள்ளும் முறை 1987இல்தான் முற்றாக ஒழிந்தது. அதற்கு முன்பே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக்குக் குடிபோன தலைமுறைக்கு, சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும் கழிப்பறையே பெரும் வசதி. குந்தி உட்கார வேண்டும், குளிக்கும் இடம் தனி. பிள்ளைகள் காலத்தில் உட்காரும் பீங்கானும் வெந்நீர்க் கருவியும் வந்தன. பேரப்பிள்ளைகள் கேட்பது ஹோட்டல் குளியலறை. கேட்கட்டும். ஆனால் புது வீட்டுச் சாவி வாங்கியவர்களும் வீடு புதுப்பிக்கும் இத்தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளும் எங்கள் காலத்துக் கோளாறுகளையே மறுபடி செய்கிறார்கள். வழுக்கும் தரை, காற்றோட்டம் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

ஓட்டின் மேல் ஓடு

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பழைய தரையோட்டை உடைக்காமல் அதன் மேலேயே புது ஓட்டை ஒட்டுவது. “சத்தமில்லை, குப்பையில்லை, செலவும் பாதிதான் அண்ணே” என்பார்கள்.

தண்ணீரைத் தடுப்பது ஓடு அல்ல. அதற்கு அடியில் இருக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. ஓடுகளுக்கு இடையிலான கோடுகள் வழியாக நீர் கீழே இறங்கத்தான் செய்யும். பூச்சு முப்பது ஆண்டுப் பழசு என்றால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த ஓடு ஒட்டி என்ன பயன்?

அங் மோ கியோவில் ஒரு மூவறை வீடு. புது ஓடு மேலே ஏறிவிட்டது, வடிகால் வாய் பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டது. வாயைச் சுற்றி, இரண்டு ஓடுகளுக்கும் நடுவே விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. குளித்த நீரில் ஒரு பங்கு அதற்குள் போய்க்கொண்டிருந்தது. கீழ்வீட்டுச் சீனப் பாட்டி மைலோ டின்னை வைத்துச் சொட்டுநீர் பிடித்துக்கொண்டிருந்தார். கூரையில் மஞ்சள் வட்டம், பொரிந்த சாயம். அப்படியே விட்டால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து காங்கிரீட்டே பெயர்ந்து விழும். கடைசியில் இரண்டு அடுக்கையும் உடைக்க நேர்ந்தது. மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு போயிற்று.

கூரைக் கசிவைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் உண்டு. ஆகவே அண்டை வீட்டுச் சண்டையும் இலவசம்.

புதிய வீவக வீடுகளில், கட்டி முடித்து மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளைப் பெயர்க்கவே அனுமதி இல்லை. காரணம் இந்தப் பூச்சுதான். பழைய வீடானால் முழுவதும் உடையுங்கள். பூச்சைச் சுவரிலும் ஏற்றிப் பூசச் சொல்லுங்கள். வடிகாலை அடைத்து, தரையில் நீர் தேக்கி ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். ஓடு பதிப்பது அதற்குப் பிறகுதான். பதித்துவிட்டுச் சோதிக்கிறார்கள் நம் தம்பிகள்!

வாளிக்குக் குழாய் இல்லாதது

மழைபோல் கொட்டும் ஷவர் மட்டும் போதாது. தீபாவளி எண்ணெய்க் குளியலன்று தெரியும்.

கைப்பிடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

பிறகு துளை போட்டால் நன்றாக இருக்கும் பூச்சையும் சேர்த்துத் துளைப்பீர்கள். அம்மாவும் அப்பாவும் உடனிருந்தால் இப்போதே இடம் குறித்துவிடுங்கள். வீவகவின் ‘ஈஸ்’ திட்டம் 2012 முதல் முதியோர் வீடுகளுக்குக் கைப்பிடிகளையும் வழுக்காத தரைப்பூச்சையும் மானிய விலையில் தருகிறது. அதைக் கேட்டுப் பார்க்காமல் கடைக்கு ஓடாதீர்கள்.

கறுப்புக் குழாய்கள்

தினமும் சோப்புக் கறை துடைக்க ஆள் இருந்தால் வாங்குங்கள்.

விலைப்பட்டியல்

நீர்க்கசிவுத் தடுப்பைத் தனியாக எழுதிக் காட்டவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். “எல்லாம் அதில் அடக்கம்” என்று சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.