பழைய சர்வே அளவுகளை ஜிபிஎஸ் கோஆர்டினேட்டாக மாற்றுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் 2022 நவம்பரில் டிஜிட்டல் ரீசர்வே (நிலத்தை மறுபடி அளக்கும் அரசு வேலை) தொடங்கியதிலிருந்து, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழர் வீடுகளில் பீரோவுக்குள் கிடந்த ஆதாரமும் (நிலப் பத்திரம்) புலப்படமும் (ஒரு புலத்தின் அளவு வரைபடம்) வெளியே வந்துவிட்டன. "இதை அப்படியே ஜிபிஎஸ்ஸுக்கு மாத்திக் குடுங்க" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மாற்றலாம். ஆனால் அந்த எண்ணை யார், எங்கிருந்து, எந்த அலகில் அளந்தார்கள் என்று பார்க்காமல் கம்ப்யூட்டரில் போட்டால், பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு வீண் வழக்குதான் மிஞ்சும்.

முதல் தவறு, புலப்படத்துக்கே டேட்டம் மாற்றம் போடுவது. டேட்டம் என்பது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்தப் பூமி வடிவத்தையும் மூலப்புள்ளியையும் வைத்துக் கணக்கிட்டார்கள் என்ற அடிப்படை. புலப்படத்தில் அட்சரேகையும் கிடையாது, தீர்க்கரேகையும் கிடையாது. கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம், நடுக்கோட்டிலிருந்து வரப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது, இவ்வளவுதான் அதில் இருக்கும். அதற்கு எந்த டேட்டமும் இல்லை. செய்ய வேண்டியது வேறு: தரையில் இன்னும் நிற்கும் பழைய கற்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் மேல் ஜிபிஎஸ் கருவியை வைத்து, அந்தப் புள்ளிகளில் புலப்படத்தைப் பொருத்துவது. ஒன்றிரண்டு கல் போதாது. நான்கைந்தாவது வேண்டும், அதுவும் புலத்தைச் சுற்றிப் பரவலாக. எல்லாம் ஒரே மூலையில் இருந்தால் எதிர்மூலை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வேலி மூலையைக் கல்லுக்குப் பதிலாக வைக்கவே கூடாது. வேலி நகரும்.

அலகிலும் கவனம் வேண்டும். பழைய புலப்படங்கள் பெரும்பாலும் லிங்க்ஸில் இருக்கும். ஒரு குண்டர் சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் என்பது 0.201168 மீட்டர். படத்தில் 350 என்று எழுதியிருந்தால் அது 70.4 மீட்டர். அடி என்று நினைத்தால் 106.7 மீட்டர் ஆகிவிடும், தென்னை ஐந்து வரிசை கூடிப்போகும். எங்கள் தாலுகாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. கொல்லங்கோடு மலபாரில், அதாவது சென்னை மாகாணத்தில். கிழக்கே தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டத்துப் பொள்ளாச்சி. பழைய படங்கள் வெவ்வேறு ஆட்சியில், வெவ்வேறு காலத்தில் எடுத்தவை. எல்லைக் கிராமத்தில் இரு பக்கத்துப் படத்தையும் ஒட்டிவைத்தால் இடைவெளியோ மேல்விழுதலோ வரும். அதைக் கம்ப்யூட்டரில் இழுத்து மூடுவது தவறு. இரு மாநிலத்துப் படத்தையும் வைத்துத் தரையில் போய்ப் பார்க்க வேண்டும்.

டேட்டம் விஷயம் உண்மையில் வருவது டோப்போஷீட்டிலும் (சர்வே ஆஃப் இந்தியாவின் நிலப்பரப்பு வரைபடத் தாள்) முக்கோணங்களாக நாட்டை அளந்த முக்கோண அளவை நிலையங்களின் எண்களிலும்தான். 1802-ல் ஆங்கிலேய அளவையாளர் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (முக்கோணக் கணக்குக்கு அடிப்படையான முதல் நீளம்) அளந்து தொடங்கிய வேலை, பிறகு எவரெஸ்ட் 1830 நீள்கோளத்திலும் (பூமியைக் கொஞ்சம் தட்டையான உருண்டையாக வைத்துக் கணக்கிடும் வடிவம்) மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூர் மூலப்புள்ளியிலும் நிலைத்தது. அந்த நீள்கோளத்தின் மையம் பூமியின் உண்மையான மையத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இந்தியாவுக்கு வெளியிடப்பட்ட மாற்ற அளவுகள், அதாவது அந்த மையத்தை மூன்று திசையில் நகர்த்த வேண்டிய தூரங்கள், 295, 736, 257 மீட்டர். அவற்றை வைத்துச் சித்தூர்ப் பக்கத்துக்குக் கணக்குப் போட்டால், பழைய டோப்போஷீட் எண்ணை மாற்றாமல் ஜிபிஎஸ் வரைபடத்தில் போடும்போது, புள்ளி தெற்கே சுமார் 175 மீட்டரும் கிழக்கே சுமார் 120 மீட்டரும் தள்ளி விழும். பிளஸ், மைனஸ் குறியை மாற்றிப் போட்டால் பிழை இரட்டிக்கும். தெரிந்த ஒரு கோயிலையோ ரயில்வே பாலத்தையோ வைத்துச் சரிபார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருள் சில சமயம் சரியான மாற்ற அளவு கிடைக்காமல், நகர்த்தாமலே ஒரு விடையைக் கொடுத்துவிடும். எந்த மாற்றம் பயன்பட்டது என்று திறந்து பாருங்கள். கல்யாண்பூர் என்ற பெயரிலேயே 1937, 1962, 1975 என்று பல வகை வரும். நீள்கோளம் ஒன்றுதான், அதன் அரை அச்சு (மையத்திலிருந்து நிலநடுக்கோடு வரை) 2,09,22,931.8 இந்திய அடி. ஆனால் அடியை மீட்டராக்கிய விகிதம் வேறு வேறு. அதனால் அரை அச்சு ஒன்றில் 63,77,276.345 மீட்டர், இன்னொன்றில் 63,77,301.243. இந்த 25 மீட்டர் பெரும்பாலும் உயரத்தில்தான் போகும் என்றாலும், கட்ட எண்களை (வரைபடக் கட்டத்தில் கிழக்கு, வடக்குத் தூரம் சொல்லும் எண்களை) மாற்றும்போது கிடைமட்டத்திலும் சில மீட்டர் இழுக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, 295, 736, 257 என்ற அந்த மூன்று எண்ணை வைத்தே எல்லை குறிப்பவர்கள். ஒவ்வொரு எண்ணிலும் 10 முதல் 15 மீட்டர் வரை ஐயப்பாடு உண்டு என்று வெளியிட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். மலை உச்சி நிலையத்தைத் தேட அது போதும். 20 சென்ட் வீட்டு மனைக்கு அது உதவாது. டோப்போஷீட்டை ஸ்கேன் செய்து எல்லை எடுப்பதும் அப்படித்தான்: 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர்.

யுடிஎம் (தீர்க்கரேகைப்படி பூமியைப் பட்டைகளாகப் பிரித்த வரைபட முறை) மண்டலமும் பலரைத் தடுமாற வைக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43, கிழக்கே 44. சென்னையில் வேலை பழகியவர்கள் 44 வைத்த கோப்பை அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள். நமக்கும் கோயம்புத்தூருக்கும் 43.

கடைசியாக உயரம். கிணறு, வாய்க்கால், சொட்டுநீர்க் குழாய் வேலைக்கு நீள்கோளப் பரப்பிலிருந்து அளக்கும் ஜிபிஎஸ் உயரத்தை, கடல்மட்டத்திலிருந்து அளந்த பழைய உயரப் புள்ளியோடு கலக்கக் கூடாது. தென்னிந்தியாவில் நீள்கோளப் பரப்பு கடல்மட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் மேலே இருக்கிறது. பாலக்காடு நகரம் கடல்மட்டத்திலிருந்து 80 மீட்டர் சொச்சம். அதனால் அங்கே நீள்கோள உயரத்தைக் காட்டும் கருவி மைனஸ் காட்டினால் அது பழுதில்லை. ஒரே தோட்டத்துக்குள் இரண்டு இடத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் வேண்டுமென்றால் கருவி காட்டுவதைக் கழித்துப் பார்த்தாலே போதும். வாய்க்கால் மட்டத்தோடு சேர்க்க வேண்டுமென்றால், பக்கத்தில் உயரம் தெரிந்த சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க் ஒன்றில் கருவியை வைத்து வித்தியாசத்தை எடுத்து, அதை எல்லாப் புள்ளிக்கும் போட்டு, எந்த பெஞ்ச்மார்க் என்பதை வரைபடத்திலேயே எழுதிவையுங்கள்.